மேட்டூர்த் தேதியும் உங்க வாய்க்காலும்

ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற தீவு. மேட்டூர்ல எடுக்கிற முடிவு முக்கொம்பு வழியா நம்ம வாசலுக்கே வரும்.

பாசனத்துக்கு அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தாங்க; 2024-இல் ஜூலை 28 ஆயிடுச்சு. 65 நாள் வித்தியாசம்! ஆத்துத் தண்ணியை நம்பியிருக்கிறவங்க குறுவை போடலாமா, சம்பாவுக்குக் காத்திருக்கணுமான்னு இந்தத் தேதிதான் சொல்லும்.

அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் தினமும் வெளியாகிறது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ள நிலவரத்தை மத்திய நீர்வள ஆணையத்தின் 'ஃப்ளட்வாட்ச் இந்தியா' செயலியில் பாருங்க. காவிரியில் வெள்ளம் வந்தால், முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்துக்குத் திருப்புவாங்க. கரையோரத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே தயாராகலாம்.

ஒரு நோட்டில் மூணே விவரம் எழுதுங்க: அணை திறந்த தேதி, உங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்த தேதி, ஊரில் நட்ட ஏக்கர். உய்யக்கொண்டான் கடைமடைக்கு எத்தனை நாள் ஆகுதுன்னு ரெண்டு மூணு வருஷத்துல தெளிவாயிடும். கிடைக்காத விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி கேளுங்க.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டோட போங்க. "தண்ணி வரலை"ன்னு மட்டும் சொல்லாம, தேதியோட கேளுங்க. பதிலும் தேதியோட வரும்.