பழுதுற்ற அட்டவணையை மீட்டல்



கோலார் தங்கவயலில் தங்கம் எடுக்கும் வேலை 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு நின்றது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களில் இன்று பலர் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று பிழைக்கின்றனர். பாட்டனார் எந்த ஊரினர், சாம்பியன் ரீபிலா, நந்திதுர்க்கிலா, மைசூர்ச் சுரங்கத்திலா, எந்த ஆண்டு முதல் இறங்கினார் என்னும் செய்திகளை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒரு சங்கத்தார் கணிப்பொறி அட்டவணையில் ஏற்றியிருப்பதாகக் கொள்வோம். 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரத்தைக் கண்ட ஊர் அது. எனினும் மின்தடைக்கு எந்த ஊரும் விலக்கன்று. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நிற்கிறது. மறுநாள் அட்டவணை திறக்க மறுக்கிறது. சொன்ன முதியோருள் சிலர் இப்போது இல்லை.

இந்நிலையில் நாம் முதற்கண் செய்ய வேண்டுவது, பழுது நீக்கும் கட்டளையை அழுத்தாதிருத்தலே. தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, அட்டவணைக் கோப்பை மட்டுமன்றி, அது இருக்கும் கோப்புறை முழுவதையும், குறிப்பேட்டுக் கோப்புகள் உட்பட, வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். இனிச் செய்வதெல்லாம் அந்தப் படியிலேயே.

திறக்கவில்லை என்பதனால் உள்ளிருப்பது அழிந்ததென்று கொள்ளுதல் பெரும்பாலும் அவசரமே. பலரும் கையாளும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய மைஐசாம் முறையில், செய்தி ஒரு கோப்பிலும் அதைத் தேடித்தரும் சுட்டு மற்றொரு கோப்பிலும் இருக்கும்; சுட்டு கெட்டால் செய்தியைக் கொண்டே அதைப் புதிதாக ஆக்கிவிடலாம். இப்போது வழங்கும் இன்னோடிபி முறையில் செய்தி 16 கிலோபைட் பக்கங்களாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது பொருந்தாத பக்கமே பழுதுற்ற பக்கம். ஆயிரம் பக்கங்களில் ஒன்று கெட்டாலும் தரவுத்தளம் அடியோடு நின்றுவிடலாம்.

அதை வற்புறுத்தித் திறக்க 1 முதல் 6 வரை படிநிலைகள் உள்ளன. ஒன்றிலிருந்து தொடங்கி, திறக்கும் படியோடு நின்றுவிட வேண்டும். 4-க்கோ அதற்கு மேலோ போனால் இருப்பதும் நிலையாகக் கெடக்கூடும். திறந்தவுடன் உறுப்பினர் எண்ணின் வரிசைப்படி பகுதி பகுதியாக வெளியே எடுக்கலாம். எங்கே தடைப்படுகிறதோ அந்த எண்களைத் தாண்டி, அப்பாலுள்ளவற்றைத் தொடர்தல் வேண்டும். விடுபட்டவற்றிற்கு முந்தைய காப்புப் படியும், அதன் பின் நடந்த மாற்றங்களின் குறிப்பேடும் உதவும்.

தமிழருக்கென்றே இங்கு ஓர் இடர் உண்டு. வெளியே எடுக்கும்போது எழுத்துக் குறிமுறை தவறினால் பெயர்கள் உருமாறும். தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை, பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக எழுதப்பட்டுவிட்டாலோ, அந்தப் பெயர் அந்தக் கோப்பிலிருந்து போயிற்று. ஆகவே புதிய அட்டவணையில் ஏற்றுமுன் பத்துப் பெயர்களையேனும் கண்ணால் படித்துப் பார்த்தல் நலம்.

எஞ்சிய இடைவெளிகளை வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய தாள்களைக் கொண்டு நிரப்பலாம். அண்டை வரிசையைப் பார்த்து ஊகித்து நிரப்புதல் ஆகாது; ஒரே பெயரினர் பலர் ஒரே சுரங்கத்தில் இருந்திருப்பர். தாளும் கிடைக்காத இடத்தில் எண்ணை மட்டும் வைத்து, பழுதில் போனது என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துவிடலாம்.