பணியிடத் தீத்தடுப்பு: ஊழியர் அனைவர்க்கும் பயிற்சி தேவை

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்த ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பலில் தீப்பற்றியது. பருத்திப் பொதிகளும் வெடிபொருள்களும் அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் புகை காணப்பட்டது. மாலை நான்கு மணி கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த வாரத்தில் அலுவலகங்களில் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. செயல்விளக்கம் ஒன்றும் நடைபெறுகிறது. வாரம் முடிந்தபின் சிவப்பு உருளை பழையபடி சுவரில் தொங்குகிறது. அதனை இயக்கத் தெரிந்தவர் அத்தளத்தில் எத்தனை பேர் என்ற வினா எழுவதில்லை. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும், அது வந்து சேரும் வரையில் தீ காத்திருக்காது. அந்த இடைப்பட்ட சில நிமிடங்கள் ஊழியரின் பொறுப்பில் உள்ளவை.

சட்டம் இதனை முன்பே உணர்ந்திருந்தது. தரைத்தளத்துக்கு மேல் இருபதுக்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலையிலும், எளிதில் தீப்பற்றும் பொருள்கள் உள்ள தொழிற்சாலையிலும், தொழிலாளர் அனைவரும் தப்பும் வழிகளை அறிந்திருக்க வேண்டும், உரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு வகுத்தது. ‘அனைவரும்’ என்ற சொல்லே இங்குக் கருதத்தக்கது.

தீயின் இயல்பு

எரிபொருள், வெப்பம், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் தீ உண்டாகிறது. ஒன்றை நீக்கினால் அணைகிறது. காகிதம், மரம், துணி ஆகியவற்றில் பற்றிய தீயைத் தண்ணீர் குளிர்வித்து அணைக்கும். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் எரியும் எண்ணெய் சிதறித் தீ பரவும். அதற்கு நுரையோ உலர் தூளோ ஏற்றது. மின்சாதனங்களில் பற்றிய தீக்கு முதலில் மின்னோட்டத்தைத் துண்டித்து, கரியமில வாயுவையோ உலர் தூளையோ பயன்படுத்த வேண்டும். நல்லெண்ணத்துடன் ஊற்றப்படும் ஒரு வாளித் தண்ணீர் எங்கே உதவும், எங்கே உயிரைப் பறிக்கும் என்று அறிவதே பயிற்சியின் முதற்பாடம்.

கருவியும் அதன் எல்லையும்

கருவியை இயக்கும் முறை எளிது. பாதுகாப்பு ஊசியை இழுத்து, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசிச் செலுத்த வேண்டும். ஆயினும் கையால் தூக்கும் கருவி ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. படித்துத் தெரிந்துகொண்டவர் பதற்றத்தில் ஊசியை இழுக்க மறப்பார். ஒருமுறையேனும் கையால் செய்து பழகியவர் மறப்பது அரிது.

எப்போது விலக வேண்டும் என்பதையும் பயிற்சி கற்பிக்க வேண்டும். முதலில் கூவி எச்சரிப்பதும், 101 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் தருவதும் கடமை. தப்பும் வழி முதுகுப்புறம் இருக்க, தீ சிறிதாக இருந்தால் மட்டுமே அணைக்க முயலலாம். ஒரு கருவி தீர்ந்தும் தீ அடங்காவிடில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவதே அறிவுடைமை.

தீயினும் கொடியது புகை. 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் டில்லி உபகார் திரையரங்கில் மின்மாற்றியிலிருந்து கிளம்பிய தீயால் 59 பேர் உயிரிழந்தனர். மாடத்திலிருந்து வெளியேற இயலாது புகையில் மூச்சுத்திணறி மாண்டவர்களே பெரும்பாலோர். பூட்டிய கதவும் பொருள்கள் அடைத்த படிக்கட்டும் விதிமீறல் மட்டுமல்ல, உயிருக்கே உலை.

யாருக்குப் பயிற்சி?

செயல்விளக்கத்துக்குப் பெரும்பாலும் அழைக்கப்படுவோர் நிரந்தர ஊழியர்கள். ஆனால் இரவில் கட்டடத்தில் இருப்பவர் காவலர். விடியலில் முதலில் கதவைத் திறப்பவர் துப்புரவுப் பணியாளர். கிடங்கில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. தீயை முதலில் காணக்கூடிய இவர்களே பயிற்சிப் பட்டியலில் விடுபடுகின்றனர். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் விசை எங்குள்ளது என்பதை அறியாத காவலரிடம் பல்லாண்டுக் கோப்புகளும் நிலப் பதிவேடுகளும் ஒப்படைக்கப்படுகின்றன. எரிந்துபோன ஓய்வூதியக் கோப்பு ஒன்றின் பின்னால் ஒரு குடும்பத்தின் அலைச்சல் இருக்கிறது.

இக்குறையை நீக்கப் பெருந்தொகை தேவையில்லை. கருவிகளின் வாயுவையோ தூளையோ மாற்ற வேண்டிய தவணை வரும்போது, அவற்றை வீணே வெளியேற்றாமல் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். புதிதாகச் சேர்பவர் யாராயினும் முதல் நாளிலேயே வெளியேறும் வழியை நடந்து காண வேண்டும். வெளியேறும் ஒத்திகை முன்னறிவிப்பின்றியும், இரவுப் பணி நேரத்திலும் நடைபெற வேண்டும். வெளியே கூடுமிடத்தில் தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீயணைப்பு வீரரின் தியாகத்தைப் போற்றுவது நன்று. அவர் எரியும் கட்டடத்துள் தேடி நுழைய வேண்டிய தேவையைக் குறைப்பது அதனினும் நன்று. அதற்குரிய வழி, கடைநிலைப் பணியாளர் வரை அனைவரையும் பயிற்றுவிப்பதே.