பான்ஜோ: கைமாறி வந்த ஒரு மரபு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவிலே மரபு பற்றிப் பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பிடம் கேட்டிருந்தீர்கள். எங்களில் பலர் வைத்தியர்கள். மரபு என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்தான். இன்று அவற்றை விட்டுவிட்டு, ஒரு வாத்தியத்தின் கதையைச் சொல்லப்போகிறோம். எங்கள் தோழிகள் சிலர் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் மூலம் எங்களுக்குப் பழக்கமான அந்த வாத்தியத்தின் பெயர் பான்ஜோ.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு அமெரிக்கா புதிதல்ல. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே வந்தார்கள். பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். மானிப்பாயிலே டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நாங்கள் அறிந்த அமெரிக்கா புத்தகமும் ஞானப்பாட்டுமாக வந்த அமெரிக்கா. அதே காலத்தில் அந்த நாட்டின் தென்பகுதியில் புகையிலைத் தோட்டங்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் வேறோர் அமெரிக்கா இருந்தது. பான்ஜோ அங்கேதான் வளர்ந்தது.

ஆனால் அது பிறந்த இடம் அமெரிக்காவும் அல்ல. மேற்கு ஆபிரிக்காவிலே, செனகல், காம்பியா நாடுகளில் வாழும் ஜோலா மக்களிடம் அக்கொன்ரிங் என்றொரு வாத்தியம் இன்றும் இருக்கிறது. சுரைக்குடுவையின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, ஒரு தடியைச் செருகி, மூன்று தந்திகள் பூட்டியிருப்பார்கள். அதிலே ஒரு தந்தி மற்றவற்றிலும் குட்டையானது. பெருவிரல் அதையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்கும். வீணை பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் வீணையில் பக்கத்தில் இருக்கும் தாளத்தந்திகளைப் போல, அது பாட்டைப் பாடாது, பாட்டைத் தாங்கும். ஐந்து தந்திப் பான்ஜோவிலும் அந்தக் குட்டைத் தந்தி உண்டு. சுட்டுவிரல் நகத்தின் பின்புறத்தால் கீழ்நோக்கித் தட்டி, பெருவிரலால் குட்டைத் தந்தியை மீட்டும் பழைய முறையும் இரண்டுக்கும் பொதுவானது. அக்கொன்ரிங் போன்ற பல வாத்தியங்களின் நினைவோடு கப்பலேற்றப்பட்ட மக்கள், கரீபியன் தீவுகளில் கிடைத்த சுரைக்காயையும் தோலையும் கொண்டு 17ஆம் நூற்றாண்டிலே பான்ஜோவை உருவாக்கினார்கள்.

அவர்களுடைய வாத்தியங்களைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அயர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் 1687இல் ஜமெய்க்காவுக்குப் போனார். 1707இல் வெளிவந்த தமது நூலில், அடிமைகளாக்கப்பட்டவர்கள் வாசித்த சுரைக்குடுவை வாத்தியங்களின் படத்தையும் சில இசைக்குறிப்புகளையும் சேர்த்தார். அந்த நூலில் செடிகொடிகளுக்குப் பெயர் இருக்கிறது. அந்த வாத்தியங்களை வாசித்தவர்களுக்குப் பெயர் இல்லை.

தென் கரோலைனாவில் 1739இல் அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று நடந்தது. கிளர்ந்தவர்கள் முரசு அறைந்து ஆட்களைச் சேர்த்தார்கள். மறு வருடமே அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பான்ஜோவை அந்தச் சட்டம் தொடவில்லை. முரசின் தோலும் தாளமும் பான்ஜோவுக்குள் இருந்து உயிர் பிழைத்தன.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் நடந்ததுதான் மனதைச் சுடும் பகுதி. வேர்ஜீனியாவில் ஜோயல் சுவீனி என்ற வெள்ளையர், அயலில் இருந்த கறுப்பின மக்களிடம் பான்ஜோ பழகி மேடை ஏறினார். 1843இல் நியூயோர்க்கில் நான்கு வெள்ளையர்கள் குழுவாகச் சேர்ந்து, கருக்கிய தக்கையால் முகத்தில் கரி பூசி, கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப் பாடினார்கள். மின்ஸ்ட்ரல் என்ற அந்த வகைக் கூத்து அமெரிக்கா முழுவதும் பரவி, கடல் கடந்து இங்கிலாந்துக்கும் போனது. ஒரு மக்களின் வாத்தியத்தை எடுத்து, அந்த மக்களையே சிரிப்புக்கு ஆளாக்கும் கருவியாக்கினார்கள்.

1920களில் இசைத்தட்டுக் கொம்பனிகள் இன்னொரு வேலை செய்தன. கறுப்பினத்தவரின் பாட்டுக்கு ஒரு பட்டியல், வெள்ளையின மலைநாட்டவரின் பாட்டுக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பான்ஜோவும் வயலினும் இரண்டாவது பட்டியலுக்குப் போயின. 1945இல் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல்களால் மின்னல் வேகத்தில் வாசித்து புளூகிராஸ் இசைக்குப் பெருமை தேடித் தந்தபோது, பான்ஜோ வெள்ளையரின் வாத்தியம் என்றே உலகம் நம்பியது. ஸ்கிரக்ஸின் திறமையில் குறையில்லை. அப்பலாச்சிய மலைக்குடும்பங்கள் அந்த இசையை அன்போடு வளர்த்ததும் உண்மை. ஆனால் முதல் அத்தியாயம் புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டிருந்தது.

கறுப்பினப் பிள்ளைகளில் பலர் பான்ஜோவைத் தொட மறுத்தார்கள். தங்கள் பாட்டன்மாரைக் கேலி செய்யப் பயன்பட்ட பொருளை அவர்கள் எப்படி மடியில் வைப்பார்கள்? எங்கள் ஊரிலும் பறை என்ற வாத்தியத்தின் பெயரைச் சொல்லி மனிதரை இழிவுபடுத்திய காலம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் பறையை வேண்டாம் என்று வைத்தபோது, அவர்கள் கலையை மறந்தவர்கள் அல்லர். அவமானத்தை மறுத்தவர்கள். ஒரு மரபு அழிவது வயது போனதால் மாத்திரம் அல்ல. அதன் சொந்தக்காரரைத் தலைகுனிய வைத்தாலும் அது அழியும்.

அப்படியிருந்தும் சிலர் விடவில்லை. வட கரோலைனாவில் மெபன் என்ற சிறிய ஊரில் ஜோ தொம்சன் என்ற கறுப்பின வயலின் கலைஞர் இருந்தார். பிறந்தது 1918இல். மரத்தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தகப்பனிடமிருந்து கேட்டுப் பழகிய நடனப் பாட்டுகளை, பான்ஜோ வாசிக்கும் தம் ஒன்றுவிட்ட சகோதரன் ஓடெலோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் ஓடெல் இறந்துபோனார். வயலினுக்குப் பதில் சொல்லும் பான்ஜோ இல்லாமற் போனது.

2005இல் அதே மாநிலத்தில் பூன் நகரிலே, கறுப்பினத்தவரின் பான்ஜோ மரபைப் பற்றி ஓர் ஒன்றுகூடல் நடந்தது. அங்கே றியானன் கிடென்ஸ், டொம் பிளெமன்ஸ், ஜஸ்டின் றொபின்சன் என்ற மூன்று இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஜோ தொம்சனுக்கு அப்போது 86 வயது. அவர்கள் வியாழக்கிழமைதோறும் அவருடைய வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசிப்பார், அவர்கள் கூட வாசிப்பார்கள். இசைத்தாள் இல்லை, பரீட்சை இல்லை. கரோலைனா சொக்லெற் ட்ரொப்ஸ் என்ற பெயரில் அவர்கள் அமைத்த குழு 2011இல் கிராமி விருது பெற்றது. ஜோ தொம்சன் அதைக் கண்டார். அடுத்த வருடம், 93 வயதில் காலமானார். றியானன் கிடென்ஸ் 2023இல், அடிமையாக்கப்பட்ட ஒரு முஸ்லிம் அறிஞரைப் பற்றிய ஓபராவுக்காக, மைக்கல் ஏபல்ஸுடன் சேர்ந்து புலிற்சர் பரிசும் பெற்றார். இன்று வரை அவர் தம் ஆசானின் பெயரைச் சொல்லி வருகிறார்.

அந்த மூவரும் இன்னும் ஏழெட்டு வருடம் தாமதித்திருந்தால் அந்த வீட்டின் கதவைத் திறக்க ஆளிருந்திராது.

பழைய மாணவிகளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதையும் இதே மாநிலத்தில் உண்டு. எலிசபெத் கொட்டன் சிறுமியாக இருந்தபோது, தமையன் வேலைக்குப் போன பிறகு அவனுடைய பான்ஜோவை எடுத்து இரகசியமாக வாசிப்பார். இடதுகைக்காரி என்பதால் வாத்தியத்தைத் தலைமாறிப் பிடித்தார். வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். சிறு வயதிலேயே பாட்டுக் கட்டினார். பிறகு கலியாணம், பிள்ளை. ஆலயத்திலும் உலகப் பாட்டுகள் வேண்டாம் என்றார்கள். கிற்றார் மூலைக்குப் போனது. பல பத்து வருடங்களுக்குப் பின்னர், வாஷிங்டனில் இசையறிஞர்களான சீகர் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தபோது, சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து வாசித்தார். அந்த வீட்டு மகன் மைக் சீகர் அதை ஒலிப்பதிவு செய்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது கொட்டன் அறுபதைக் கடந்திருந்தார். கிராமி விருது 1985இல், தொண்ணூறை எட்டிய வயதிலே கிடைத்தது. அவருடைய தலைமாறிய விரல்முறை இன்று கொட்டன் பாணி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த மண்டபத்திலும் கலியாணத்தோடு வீணையை மூடி வைத்த அக்காமார் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதிக் கைகள் உயரும். அறுபது வயது பிந்திய வயதல்ல. வைத்தியர்களாகச் சொல்கிறோம், விரல் மூட்டுகளுக்கும் அது நல்லது.

அன்பானவர்களே, 1995 இடப்பெயர்விலே இந்த ஊர் எவ்வளவோ இழந்தது. படங்களும் பாட்டுக் கொப்பிகளும் வாத்தியங்களும் திரும்பக் கிடைக்கவில்லை. மிஞ்சியிருப்பது சிலருடைய நினைவிலும் விரலிலும் மாத்திரமே. கோலாட்டத்துக்கும் கும்மிக்கும் எங்களைப் பழக்கிய ஆசிரியைகள் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். விடுதியில் சமைத்துக்கொண்டே நாட்டார் பாட்டுகளைப் பாடிய அம்மாக்களின் பெயர் எந்த ஆண்டு மலரிலும் இல்லை.

ஆகவே சங்கத்திடம் எங்கள் வகுப்பு ஒரு வேண்டுகோளை வைக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு முதியவரைப் பொறுப்பெடுப்போம். ஊரில் இருப்பவர்கள் நேரே போகட்டும், தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழைக்கட்டும். ஒருமுறை படமெடுத்து மாலை போட்டுவிட்டு வருவதற்கல்ல. ஒரு பாட்டையாவது, ஓர் ஆட்டத்தையாவது அவரிடமிருந்து பழகும் வரை போவோம். பழகியதை இப்போது படிக்கும் தங்கைமாருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அவர் ஆசிரியையானாலும் சமையல் அம்மாவானாலும், இன்னாரிடம் பழகினோம் என்று பெயரைச் சொல்லிக் கொடுப்போம். எங்கள் வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது.