புயலுக்கு முந்திய தருமம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயற்கையின் சீற்றத்துக்கு ஆளாகும் எளிய மக்களுக்கு, அச்சீற்றம் வருமுன்னரே உலகத்தார் எவ்வாறு உதவலாம் என்பது பற்றிச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருளோ மிகப் பெரிது. எமக்குத் தரப்பட்ட நேரமோ சிறிது. ஆதலின் உலகம் முழுவதையும் சுற்றிவர நாம் முயலப்போவதில்லை. எம்மைப் போலவே வங்காள விரிகுடாவை நோக்கி வாழும் ஒரு நாட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அது அரை நூற்றாண்டு காலத்திலே எதைக் கற்றது, அதைக் கற்பதற்கு என்ன விலை கொடுத்தது என்பதைப் பார்ப்போம். அந்த நாடு வங்காளதேசம்.

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா என்னும் மூன்று பேராறுகளும் ஒன்றுகூடிக் கடலிற் கலக்கும் நாடு அது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கடலோரத்தில் திட்டுத்திட்டாகத் தீவுகளை உண்டாக்குகின்றது. கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த அத்திட்டுக்களில் யார் குடியேறுகின்றனர்? வேறெங்கும் காணி இல்லாதவர்கள். அவர்கள் அபாயத்தை அறியாது அங்கே செல்லவில்லை. அபாயமில்லாத நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புயல் பணக்காரன் ஏழை என்று பார்ப்பதில்லை என்று சொல்வதுண்டு. புயல் பாராதிருக்கலாம், ஆனால் புயலின் பாதையிலே யார் வீடு கட்ட வேண்டும் என்பதை வறுமை முன்னரே தீர்மானித்துவிடுகின்றது. அங்கே கடல் ஆழங்குறைந்தது. கரையோ புனலின் வாய்போல ஒடுங்கிச் செல்வது. ஆகவே காற்றினால் தள்ளப்படும் நீர் பரந்து செல்ல வழியின்றி மேலெழுந்து நிலத்தின்மேல் ஏறுகின்றது.

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆந் திகதி இரவு அப்படி ஒரு கடல் எழுந்தது. அந்நாடு அப்போது கிழக்குப் பாக்கிஸ்தான் என வழங்கிற்று. போலா முதலிய தீவுகளில் மாண்டவர் தொகை 3 இலட்சம் என்பாரும் உளர். 5 இலட்சம் என்பாரும் உளர். இறந்தோரை எண்ணுதற்குக்கூட ஆள் எஞ்சாத ஊர்கள் இருந்தன.

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். புயல் வருவது தெரியாமல் அவர்கள் மாளவில்லை. வானொலி அறிவித்தது. பின்னர் நடந்த ஆய்வொன்றின்படி, பத்துப் பேரில் ஒன்பது பேர் புயலைப்பற்றி ஏதோ ஒரு வகையில் அறிந்திருந்தனர். ஆனால் உறுதியான கட்டிடத்தை நாடிச் சென்றவர் நூற்றுக்கு ஒருவர் மட்டில்தான். ஏன்? அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலும் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. வந்த புயலோ அஞ்சிய அளவு கொடியதாயிருக்கவில்லை. ஒருமுறை ஓடி ஏமாந்தவன் மறுமுறை எழுந்திருக்கச் சோம்புவது மனித இயல்பு. அன்றியும், வானொலியிற் பேசியவர் யாரோ; அவர் இருக்குமிடம் எங்கோ. மாட்டையும் வீட்டையும் விளைந்த நெல்லையும் விட்டுவிட்டு இருட்டிலே புறப்படு என்று, முகமறியாத ஒருவர் சொன்னால் யார்தான் புறப்படுவார்?

செய்தி வேறு, சொல் வேறு. செய்தி காதுக்கு எட்டினாற் போதும். சொல்லோ நம்பப்படவும் வேண்டும். இதுவே அந்நாடு கற்ற முதற் பாடம்.

நாடு விடுதலையடைந்தபின், 1972ஆம் ஆண்டு செஞ்சிலுவைச் சங்கத்தார் சூறாவளி முன்னாயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அரசாங்கமும் அதிற் பங்கேற்றது. அத்திட்டத்தின் உயிர்நாடி யந்திரமன்று, மனிதர். ஒவ்வொரு கரையோரக் கிராமத்திலும் அவ்வூராரே தொண்டராயினர். அவர்களுக்குச் சம்பளமில்லை. கையில் ஓர் ஒலிபெருக்கி, கையாற் சுற்றும் ஊதுகுழல், ஒரு வானொலிப் பெட்டி, கொடிகள், இவைதாம் ஆயுதங்கள். அபாயம் கூடக் கூட ஒரு கொடி, இரு கொடி, முக்கொடி என உயர்த்தப்படும். எழுத்தறியாதவனும் மூன்று கொடியை எண்ணுவான் அன்றோ? தொண்டருட் சிலர் எச்சரிப்பர், சிலர் மக்களைப் புகலிடத்துக்கு அழைத்துச் செல்வர், சிலர் மீட்பர், சிலர் முதலுதவி செய்வர். யார் எதைச் செய்வது என்பது காற்று எழுமுன்னரே தீர்மானமாயிருக்கும். கதவைத் தட்டுபவன் பக்கத்து வீட்டுப் பையன்; அவன் பொய் சொல்ல மாட்டான் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஆயினும் சொல் மாத்திரம் போதாது என்பதை 1991ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி இரவு சிற்றகொங் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். தொண்டர்கள் தம் கடமையைச் செய்தனர். பல இலட்சம் மக்கள் அவர்கள் சொற்கேட்டு எழுந்தனர். ஆனால் எங்கே போவது? அந்நீண்ட கரைக்குப் புகலிடக் கட்டிடங்கள் சில நூறுதான் இருந்தன. பின்னர் ஆராய்ந்தோர் கண்டது இது: அவர்கள் விசாரித்த இடங்களில், கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஆன கட்டிடத்தை அடைந்தோர் அனைவரும் பிழைத்தனர்; அடையாதோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தனர். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையில் நின்றது ஒரு படிக்கட்டு.

அன்றிரவு இறந்தோரிற் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அதிகம். கணவன் வந்து அழைக்கட்டும் என்று காத்திருந்தோர் பலர். பிற ஆடவர் நெருங்கி நிற்கும் இடத்துக்கு எப்படிச் செல்வது என்று நாணித் தயங்கினோர் பலர். கையிற் குழந்தையுடனும் காலைச் சுற்றிய சேலையுடனும் வெள்ளத்தில் அகப்பட்டோர் பலர். அவர்களைக் கொன்றது நீர் மாத்திரமா? பெண்ணொருத்தி தானாகவே தீர்மானித்து வீட்டைவிட்டுப் புறப்படலாகாது என்ற எண்ணமும் அந்நீரோடு சேர்ந்தது என்று நாம் சொன்னால், இச்சபையிலுள்ள பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக. இது வங்காளத்துக்கு மாத்திரம் உரிய எண்ணமன்று.

அந்நாட்டார் இப்பாடத்தையும் கற்றனர். 1991க்குப் பின் தூண்களின்மேல் உயர்த்திய புகலிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றிற் பல ஏனைய நாட்களிற் பாடசாலைகள்; ஆதலாற் பூட்டிக்கிடந்து பாழாவதில்லை; பிள்ளைகளுக்கு அங்கே செல்லும் வழியும் பழக்கமாயிருக்கும். பெண்களுக்கென அறைகள் ஒதுக்கப்பட்டன. ஆடுமாடுகளுக்கென மண்மேடுகள் உயர்த்தப்பட்டன. ஏனெனில் பசுவை விட்டுவிட்டு ஏழை புறப்படான். பசு அவனுடைய வங்கி. இன்று அத்திட்டத்தின் தொண்டர் 76,000 பேர் வரையில். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினாற் பெண் திறப்பாள்.

பயன் என்ன? 2007ஆம் ஆண்டு நவம்பரில் சிடர் என்னும் கடுஞ் சூறாவளி வந்தது. இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பன் வந்தபோது, பெருந்தொற்றுக் காலமாயிருந்தும், 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகலிடங்களுக்குச் சென்றனர். வங்காளதேசத்தில் இறந்தோர் சில பத்துப் பேரே. அவர்களுள் ஒருவர், ஊராரை எச்சரிக்கச் செல்லும் வழியிற் படகு கவிழ்ந்து மாண்ட தொண்டர். எல்லாப் புயலும் ஒரே வலிமையுடையன அல்ல என்பதையும், வானிலை அறிவும் செய்மதியும் வளர்ந்துவிட்டன என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் சிடருக்கு ஆறு மாதத்தின் பின், 2008 மே மாதத்தில், நர்கிஸ் சூறாவளி அயல்நாடாகிய மியன்மாரின் ஐராவதி ஆற்றுமுகத்தைத் தாக்கியது. அங்கே மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 138,000 பேர். செய்மதி இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. கதவைத் தட்டும் கைகள் பொதுவாக இருக்கவில்லை.

இனி, உலகம் உதவும் விதத்தைப்பற்றிச் சிறிது பேசுவோம். மிசன் பாடசாலையிற் படித்த எம்மிற் பலர் நல்ல சமாரியன் கதையைக் கேட்டிருப்போம். கள்வராற் குற்றுயிராக விடப்பட்டவனுக்கு அவன் காயங்கட்டினான், சத்திரத்திற் சேர்த்தான், செலவுக்கும் பணங்கொடுத்தான். போற்றுதற்குரிய செயலே. ஆனால் அடுத்த வாரம் அதே பாதையில் இன்னொருவன் அடிபட்டால்? அதற்கடுத்த வாரமும் ஒருவன் அடிபட்டால்? காயங்கட்டும் துணிக்குப் பணம் சேர்ப்பதோடு, பாதைக்குக் காவல் வைக்கவும் யாரேனும் எண்ண வேண்டாமா?

உலகத்தாரின் இரக்கம் பெரும்பாலும் பிணத்தின் படத்தைக் கண்ட பின்னரே விழிக்கின்றது. நடவாத அழிவுக்குப் படமில்லை. பிழைத்த குழந்தை தான் பிழைத்ததை அறியாது விளையாடிக்கொண்டிருக்கின்றது. ஆகவே முன்னாயத்தத்துக்குப் பணங்கேட்பவன் வெறுங்கையோடு திரும்புகின்றான். இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2020 யூலையில் வங்காளதேசத்தின் ஆறுகள் பெருகும் என்று கணிப்பு வந்ததும், வெள்ளம் உச்சமடையுமுன்னரே ஐக்கிய நாடுகள் தாபனம் தன் அவசர நிதியிலிருந்து 52 இலட்சம் டொலரை விடுவித்தது. முன்கூட்டிக் கையில் வரும் சிறு பணம் படகுக் கூலியாகும், மாட்டுக்குத் தீனியாகும். பிந்தி வந்தால் அதே பணம் கடனை அடைக்கவும் காணாது.

பணமே இல்லாத ஊர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்தோனேசியாவிலே சிமலூ என்றொரு தீவு. 1907ஆம் ஆண்டு கடல் பொங்கி அங்கே பலரைக் கொண்டுபோயிற்று. நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்னும் புத்திமதியை மூத்தோர் கதையாகவும் தாலாட்டாகவும் பேரருக்குச் சொல்லிவந்தனர். 2004 டிசெம்பர் 26இல் நிலம் அதிர்ந்தது; ஊரார் ஓடினர். ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர். அதே கடற்கோள் எமது நாட்டை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எமக்குச் சொல்ல ஒருவருமில்லை. எமது தாலாட்டிலும் அது இல்லை. கடல் உள்வாங்கியபோது பிள்ளைகள் பார்க்க ஓடினர். 35,000 பேருக்கு மேல் இழந்தோம்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை மூத்தோர் மறந்திரார். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழை மலைநாட்டிற் சரிவுகளைப் பெயர்த்தபோது 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கும் சரிவின் அடியிலே லயங்களிலும் சிறு வீடுகளிலும் வாழ்ந்தவர்கள் வேறு நிலம் இல்லாதவர்களே. நிவாரணம் சேர்ப்பதில் எமது இளைஞர் யாருக்கும் இளைத்தவரல்லர். அரிசிப் பொதிகளைச் சுமந்து முழங்காலளவு சேற்றில் நடந்தவர்கள் இச்சபையிலும் இருக்கின்றனர். அவர்களை வணங்கிக்கொண்டே நாம் கேட்கின்றோம்: அந்தக் கால்கள் ஒரு மாதம் முன்னர் நடந்திருந்தால்?

எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, நாம் ஒவ்வொருவரும் எமது ஊரிலே, தாமாக நடக்கவியலாத முதியோர், நோயாளர், கருவுற்ற பெண்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, இன்னாரை இன்னார் தூக்கிச்செல்வது என்று பெயர் குறித்துக் கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுப்போம். இரண்டாவது, மக்கள் ஒதுங்க வேண்டிய பாடசாலையின் திறப்பு இரவு இரண்டு மணிக்கு யார் வீட்டிலிருக்கும் என்பதை இன்றே அறிந்துகொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னர், அங்கே நடந்துபோய்ப் பழகுவோம். மூன்றாவது, சங்கம் சேர்க்கும் நிவாரண நிதியில் ஒரு பங்கை அனர்த்தம் வருமுன் செலவழிப்பதற்கென ஒதுக்குமாறு நிர்வாக சபையாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இவற்றைச் செய்தபின் புயல் வராமற் போகலாம். நாலு பேர் எம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சிரிப்பதற்கு அவர்கள் உயிரோடிருப்பதைக் காட்டிலும் நாம் வேண்டுவது வேறொன்றில்லை. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்று எமது பாட்டிமார் சொல்லியிருக்கின்றனர். அணை என்பது மண்ணும் கல்லும் மாத்திரமன்று. இரவிலே கதவைத் தட்டத் துணிந்த ஓர் அயலவனும் அணைதான்.