பின்னால் வந்த வண்டி மோதினால்
(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் நிக்காஹ் ஒன்றுக்குப் போய்த் திரும்பும்போது, சிக்னலில் நின்றிருந்த அவர்கள் கார்மீது பின்னால் வந்த வண்டி மோதியது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. டிக்கி நசுங்கி, பம்பர் உடைந்து போனது. மோதியவர், "செலவைப் பார்த்துச் சொல்லுங்க பாய், கொடுத்துடறேன்" என்று செல் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் முதல் போனை எடுக்கவில்லை. வண்டி நம்பரை யாரும் குறிக்கவில்லை.

அவர்கள் எங்களிடம் வந்தபோது பாலிசியை வாங்கிப் பார்த்தோம். கைமாறி வாங்கிய கார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியிருக்கிறது, இன்சூரன்ஸ் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது. கம்பெனி மறுத்துவிட்டது. நாங்களும் போய்ப் பேசிப் பார்த்தோம், பலனில்லை. முழுச் செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸிலும் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆவது பிரிவு சொல்கிறது. ஆர்.சி. மாறினால் எல்லாம் மாறிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

"மோதியவன் கம்பெனிதானே தர வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவருடைய தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் வாங்க வழி உண்டு. ஆனால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். காலம் பிடிக்கும். அதனால் பெரும்பாலோர் தங்கள் சொந்தப் பாலிசியிலேயே வேலையை முடிக்கிறார்கள். அதற்கு முழுப் பாலிசி வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி போட்டிருந்தால் நம் காருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

முழுப் பாலிசி இருந்தாலும் கணக்குப் பார்த்துத்தான் கிளெய்ம் போட வேண்டும். பம்பர் பிளாஸ்டிக். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். பம்பர் 8,000 ரூபாய் என்றால் 4,000. அதிலும் சின்னக் காருக்கு 1,000 ரூபாய் நம் பங்கு. கையில் வருவது 3,000. மூன்று வருடம் கிளெய்ம் போடாதவருக்கு, நான்காவது வருடமும் போடாவிட்டால் அடுத்த பிரீமியத்தில் 45 சதவீதம் தள்ளுபடி உண்டு. வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால் அது 4,500. மூவாயிரம் வாங்கப் போய் நாலாயிரத்து ஐந்நூறை விடலாமா? டிக்கி, சேஸிஸ் என்று பெரிய சேதமானால் கிளெய்ம் போடத்தான் வேண்டும். தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

இடித்த இடத்தில் கூச்சல் போடுவதைவிட, வண்டியை நகர்த்துமுன் இரண்டு வண்டியும் நம்பர் பிளேட்டும் தெரிய நாலு போட்டோ எடுங்கள். அவர் பாலிசியையும் லைசென்ஸையும் போட்டோ எடுங்கள். கழுத்து வலி மறுநாள்கூட வரும், அதை அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பாருங்கள். காயம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

பட்டறையில் "பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம்" என்பார்கள். வேண்டாம். அது பொய்க் கணக்கு. சர்வேயர் கண்டுபிடித்தால் நியாயமான கிளெய்மும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்து வாருங்கள், இரண்டிலும் ஒரே பெயர்தானா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.