பொருள் திரட்டிய பெருந்தகை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொருட்காட்சிசாலை ஒன்றிற்குப் பணம் வேண்டுமாயின், விருந்து வைத்து, ஊருக்கு உழைத்த பெரியவர் ஒருவருக்கு மாலையிட்டுப் பாராட்டி, வந்தோரிடம் நன்கொடை பெறுவது இந்நாளைய வழக்கம். நல்ல வழக்கமே. ஆயின், பொருள் திரட்டப் பாடுபட்டவரின் பெயரையே பொருட்காட்சிசாலை தாங்கி நிற்கும் வரலாறு, நாம் வாழும் இம் மும்பை மாநகரிலேயே உண்டு. அதனை இன்று சொல்ல விழைகின்றோம்.

மாதுங்காவிலுள்ள பாவு தாஜி சாலையை அறியாத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் அரிது. அப்பெயருக்கு உரியவர் டாக்டர் பாவு தாஜி லாட். கோவாவிற் பிறந்து, நம்மைப் போலவே இந்நகருக்கு வந்து சேர்ந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1851-இல் தேறிய வைத்தியர், ஏழைகளுக்கு மருந்தளித்தவர், பழங் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர், பெண் கல்விக்குத் துணை நின்றவர். 1869-லும் 1871-லும் நகரின் ஷெரீப்பாக விளங்கியவர்.

1857-ஆம் ஆண்டுக் கலகத்தின்போது, பம்பாயில் சேர்த்து வைத்திருந்த அரும்பொருள்கள் இருந்த இடத்தைவிட்டு அகற்றப்பட்டன. அவற்றிற்குப் புதிய மாளிகை எழுப்ப வேண்டிப் பொருள் திரட்டும் குழு ஒன்று அமைந்தது. டாக்டர் ஜார்ஜ் பேர்டுவுட், ஜகந்நாத் சங்கர்சேட், பாவு தாஜி ஆகியோர் அதில் உழைத்தனர். சங்கர்சேட் இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதையை அமைத்த கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். ஆகவே ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு அவரும் உறவினரே. டேவிட் சாசூன் என்னும் வணிகப் பெருமகனார் மணிக்கூண்டு ஒன்றை அளித்தார்.

1862-இல் பைகுல்லாவில் கட்டிட வேலை தொடங்கிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, ஊரில் பணம் புரண்ட காலம் அது. 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. செல்வர் பலர் ஒரே நாளில் வறியராயினர். நன்கொடையும் வற்றிற்று. முடிவில் அரசாங்கமே பணம் தந்து கட்டிடத்தை நிறைவேற்றியது. 1872 மே 2-ஆம் நாள் கதவு திறந்தது. சாசூன் 1864-லும் சங்கர்சேட் 1865-லும் மறைந்துவிட்டமையால், இருவரும் அதைக் காணவில்லை. பாவு தாஜி கண்டார். இரண்டே ஆண்டுகளில், 1874-இல், அவரும் மறைந்தார்.

மாளிகைக்கு இட்ட பெயரோ விக்டோரியா, ஆல்பர்ட் என்னும் அரச தம்பதியருடையது. நூற்று மூன்று ஆண்டுகள் சென்றபின், 1975-இல், அது பாவு தாஜி லாட் பொருட்காட்சிசாலை ஆயிற்று. பழுதுற்றிருந்த கட்டிடத்தை மாநகராட்சியும், இன்டாக் அமைப்பும், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் கைகோத்துச் செப்பனிட்டு, 2008-இல் மீண்டும் திறந்தன.

அன்பர்களே! கொடுப்பவர் ஒருமுறை கொடுத்துப் புகழ் பெறுகிறார். கேட்பவரோ நூறு படி ஏற வேண்டும். "நாளைக்கு வாருங்கள்" என்னும் விடையைப் பொறுக்க வேண்டும். பெற்ற ஒவ்வொரு காசுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம் இதை நன்கு அறிவோம்: பதியாமற்போன ஒரு ரூபாய், பதிந்த ஆயிரம் ரூபாயின்மீதுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும். தமக்கென ஒன்றும் கேளாது, ஊருக்கென்று கையேந்துதல் இழிவன்று. அது தொண்டுகளிற் கடினமான தொண்டு.

நம் சங்க நூல்நிலையத்திற்காக இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்துடன் வீடுதோறும் வருகின்றனர். அவர்களை வாசலில் நிற்க வைத்து அனுப்பாதீர்கள். உள்ளே அழையுங்கள், ஒரு டம்ளர் மோர் கொடுங்கள், இயன்றதை வழங்குங்கள், ரசீதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். விடுமுறை நாளொன்றில் குழந்தைகளைப் பைகுல்லாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எலிபெண்டா தீவிலிருந்து வந்த கல்யானையை அம்மாளிகையின் வெளியே காட்டுங்கள். பிறகு வாயிலில் உள்ள பெயரையும் காட்டி, அது அரசர் பெயருமன்று, செல்வர் பெயருமன்று, ஊருக்காகப் படியேறிய ஒரு வைத்தியரின் பெயர் என்று சொல்லுங்கள்.

வாழ்க பொதுத்தொண்டு! வளர்க நம் சங்கம்!