மையிலிருந்து தொடங்குங்கள்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில் கொண்ட ஊர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அதிவீரராம பாண்டியர் இந்த ஊர் இறைவன்மேல் அந்தாதிகள் பாடியவர். அவர் உறவினர் வரதுங்கராம பாண்டியரும் பெரும்புலவர். வரதுங்கராமர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் இந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உ.வே. சாமிநாதையர் இங்கே தேடி வந்தார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்துவிட்டோம் என்று அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் பட்ட வேதனையை ‘என் சரித்திரம்’ நூலில் படிக்கலாம்.

தினசரி எழுதுவதற்கு எந்த இங்க் பேனா வாங்கலாம், எந்த மை ஊற்றலாம் என்று சொல்லத்தான் நான் வந்தேன். அதற்கு இந்த ஊர் ஏடுகளை ஏன் இழுக்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பள்ளமாக நிற்கும். கரியும் இலைச்சாறும் தடவினால் பள்ளத்தில் கறுப்பு ஏறும், எழுத்து பளிச்சென்று தெரியும். அந்தக் கறுப்பு மங்கிப்போனாலும் கீறல் போகாது. மறுபடி தடவிப் படித்துக்கொள்ளலாம். ஓலையே அழிந்தால்தான் எழுத்துக்கு அழிவு. தாளில் அப்படி இல்லை. நாம் தாளில் விட்டுச் செல்வது வெறும் நிறம். நிறம் போனால் எழுத்தும் போனது. ஆகவே பேனா வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது மையை. கடையில் எல்லோரும் முதலில் பேனாவை எடுத்துப் பார்க்கிறோம், மையைக் கடைசியில் ஏதாவது ஒன்று என்று கேட்கிறோம். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் பள்ளிக்கூடங்களில் புழங்கிய ராயல் புளூ அழகான நிறம். நிப்பில் அடைக்காது, சட்டையில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் துணியிலிருந்து போகிற மை தாளிலிருந்தும் போகும் என்பதை மறக்கக் கூடாது. மழை நாளில் பையில் நனைந்த நோட்டு, மேசையில் கவிழ்ந்த ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவு போதும். கணக்குப் போட்டுப் பார்க்கவும், பரீட்சைக்கு எழுதிப் பழகவும் ராயல் புளூ இருக்கட்டும். தாத்தா பாட்டி சொன்ன குடும்பச் செய்திகள், நிலம் வாங்கிய விவரம், வரவுசெலவு, நாட்குறிப்பு, இவற்றுக்கு அது வேண்டாம்.

அவற்றுக்குப் பழைய காலத்தில் இருந்தது புளூ பிளாக். அதன் வேலை முறை எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும். பிறகு காற்றுப் படப்பட, தாளின் நாருக்குள்ளேயே கறுத்து இறுகிவிடும். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் காய்ப்புகளைக் கொண்டு இதே மையைச் செய்தார்கள். பிரிட்டனில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு என்றே இந்த வகை மையைத் தயாரித்து வந்தார்கள்.

ஆனால் இன்று புட்டியில் புளூ பிளாக் என்று எழுதியிருப்பதெல்லாம் இரும்பு மை இல்லை. பல, வெறும் சாயம்தான். லேபிளை நம்பாமல் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு தாளைப் பாதியாகக் கிழித்து ஒரு பாதியைத் தண்ணீரில் போட்டு, அரை மணி கழித்து எடுத்துக் காயவைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நனைந்த பாதியில் வரி தெளிவாகப் படிக்க வந்தால் அந்த மையை நம்பி நாட்குறிப்பு எழுதலாம். கரித்துகள் கலந்த நிரந்தர மைகளும் கிடைக்கின்றன. அவை தண்ணீருக்கு அசையா. ஆனால் பேனாவுக்குள் காய்ந்தால் கட்டிப்பட்டுப் போகும். நாள் தவறாமல் எழுதுகிறவர்கள் மட்டும் அவற்றைத் தொடலாம். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை இங்க் பேனாவில் ஊற்றாதீர்கள். அதன் புளிப்பு எஃகு நிப்பை அரிக்கும், வண்டல் குழாயை அடைக்கும். தொட்டு எழுதுகிற கட்டைப் பேனாவுக்குத்தான் அது ஏற்றது. படம் வரைகிற இந்தியன் இங்க்கும் அப்படித்தான், பேனாவுக்குள் போகவே கூடாது.

மை முடிவானால் அடுத்தது நிப்பு. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. நம் எழுத்தில் சுழி அதிகம். றன்னகரத்துக்கு இரண்டு சுழி, டண்ணகரத்துக்கு மூன்று. கோடு போட்ட சாதாரண நோட்டில், தடித்த நிப்பால், மலிவான தாளில் எழுதினால் சுழிகள் மையில் நிரம்பி இரண்டு எது மூன்று எது என்று தெரியாது. இகரமும் ஞகரமும் கறுப்புத் திட்டாகிவிடும். ஆங்கிலத்துக்கு ஒத்துவரும் மீடியம் நிப்பு நமக்குப் பல நேரம் அதிகப்படி. சின்ன எழுத்துக்காரர்கள் ஃபைன் நிப்பே வாங்க வேண்டும். அடுத்தது புள்ளி. தமிழில் ஒவ்வொரு வரியிலும் ஏழெட்டுப் புள்ளி வைக்கிறோம். நல்ல நிப்பு தாளைத் தொட்டதும் மை கொடுக்க வேண்டும். அழுத்தினால்தான் புள்ளி விழும் என்றால் அந்த நிப்பு வேண்டாம். கடையில் பேனாவைக் கொடுத்ததும் வட்டம் வட்டமாகக் கிறுக்காதீர்கள். ‘கண்ணன் எண்ணெய் வாங்கினான்’ என்று உங்கள் கையெழுத்து அளவிலேயே எழுதிப் பாருங்கள். சுழியும் புள்ளியும் அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

நிப்பு என்றதும் நம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரிவலத்திலிருந்து ராஜபாளையம், சிவகாசி தாண்டிப் போனால் சாத்தூர். இன்று சாத்தூர் என்றால் காரச்சேவும் வெள்ளரிக்காயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அந்த ஊர் பேனா நிப்புக்குப் பேர்போனது. தகட்டை நிப்பு வடிவில் வெட்டி, நடுவில் துளை போட்டு, அச்சில் வைத்து வளைத்து, துளையிலிருந்து நுனி வரை முடி அகலத்துக்குப் பிளவு கீறி, நுனியைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தப் பிளவு வழியாகத்தான் மை தானாக இறங்கி வருகிறது. பிளவு கொஞ்சம் விரிந்தாலும் மை கொட்டும், நெருங்கினால் வராது. சிறிய பட்டறைகளில் இத்தனை நுணுக்கமான வேலை நடந்தது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலை நசுக்கியது. எழுதி முடித்ததும் தூக்கிப் போடுகிற பேனாவுக்குத் தனி நிப்பு எதற்கு?

சுதேசி இயக்கக் காலத்திலோ எழுதுபொருள் பெரிய விஷயமாக இருந்தது. 1931இல் மும்பையில் தாண்டேகர் சகோதரர்கள் மைத்தூளும் மை வில்லையும் செய்யத் தொடங்கினார்கள். கேமலின் நிறுவனம் பிறந்தது அதிலிருந்து. 1934இல் வங்காளத்தில் சுலேகா மை வந்தது. ராஜமுந்திரியில் ரத்னம் செய்து கொடுத்த உள்நாட்டுப் பேனாவுக்கு நன்றி தெரிவித்து 1935இல் காந்தி கடிதம் எழுதினார்.

பேனாவின் உடலைப் பற்றிக் குறைவாகவே சொல்ல வேண்டும். நூறு இருநூறு ரூபாய்ப் பேனாவே தினசரி வேலைக்குப் போதும். கை வியர்க்கிறவர்களுக்கு எபோனைட் பேனா வழுக்காது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து இறுக்கிய பொருள் அது. அதைக் கடைசலில் கடைந்து பேனா செய்கிறவர்கள் நம் திருவள்ளூரில் இருக்கிறார்கள். வாங்கும்போது மூடியைத் திருகிப் பாருங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். ஆடி மாதக் காற்றில் மூடி சரியில்லாத பேனா ஒரே இரவில் நுனி காய்ந்துவிடும்.

குழாயிலேயே நேரடியாக மை ஊற்றுகிற பேனா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மை கால் பங்குக்குக் குறைந்தால் மிச்ச இடமெல்லாம் காற்று. நம் கைச்சூட்டில், சித்திரை வெயிலில், அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சட்டைப் பையில் நீலத் திட்டு விழுவது இதனால்தான். மை தீரும்வரை காத்திருக்காமல், பாதி குறைந்ததும் நிரப்பிவிடுங்கள்.

பேனா நின்று நின்று எழுதினால் உடனே நிப்பை வளைக்காதீர்கள். முதலில் வெறும் தண்ணீரில், வெந்நீர் கூடாது, இரவு முழுக்க ஊறவையுங்கள். பழுதுகளில் பெரும்பாலானவை காய்ந்த மையால் வருபவைதான். அதன் பிறகும் எழுதவில்லை என்றால் நிப்பை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளுங்கள். பேனா அதேதான் இருக்கும்.